அலரும் ஆய்வும்

நுழையும்முன்

உணவைப் பற்றிய செய்தி ஒன்று காதில் விழும்போது, அது மெய்யா பொய்யா என்று ஆராய்வதற்கு முன்பே மனம் அதை நம்பத் தொடங்கிவிடுகிறது. அச்சமும் அருவருப்பும் அறிவைவிட விரைவாகச் செயல்படுவதே அதற்குக் காரணம். விரைவுணவுக் கடைகளின் இறைச்சி குறித்து உலகெங்கும் உலவும் வதந்திகள் எவ்வாறு பிறந்தன, அவற்றுள் எவை ஆய்வில் வீழ்ந்தன, அவற்றின் இரைச்சலில் மறைந்துபோன உண்மைகள் எவை என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அம்பலும் அலரும்

ஊர்ப்பேச்சு எவ்வாறு வளர்கிறது என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே நுணுகி நோக்கியுள்ளனர். சிலர் மட்டும் அறிந்து தமக்குள் முணுமுணுக்கும் பேச்சு அம்பல் எனப்பட்டது. அதுவே பலரும் அறிய ஊரெங்கும் பரவியபோது அலர் எனப்பட்டது. அகத்திணை மரபில் காதலர்களைக் குறித்து எழுந்த இச்சொற்கள், ஒரு செய்தி பரவும் இரு நிலைகளையும் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகின்றன. மொட்டு நிலையில் அம்பல். மலர்ந்த நிலையில் அலர்.

இன்று அம்பலுக்கும் அலருக்கும் இடையிலான தொலைவு சில நொடிகளாகச் சுருங்கிவிட்டது. கைப்பேசியில் ஒரு விரல் தொட்டால் ஒருவர் அறிந்தது நூறு பேருக்குச் செல்கிறது. வதந்தி எந்தச் சூழலில் பிறக்கிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் ஆகிய இருவரும் 1947இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒரு பொருள் மக்களுக்கு முதன்மையானதாக இருக்க வேண்டும். அதே வேளையில் அதைப் பற்றிய தெளிவு குறைவாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் வதந்தி வளர்கிறது. இரண்டில் ஒன்று இல்லையெனினும் அது வளராது என்பது அவர்களின் முடிவு.

இறைச்சி இவ்விரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது. அது உடலுக்குள் செல்லும் பொருள், எனவே முதன்மையானது. ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டு முற்றத்தில் வளர்ந்த கோழியைப் பிடித்து அறுத்துச் சமைத்தவர்கள், இன்று அரைத்து, மாவில் தோய்த்து, உறையவைத்து, பொரித்துத் தரப்படும் துண்டை உண்கின்றனர். அது எங்கு வளர்ந்தது, எங்கு வெட்டப்பட்டது என்பது உண்பவருக்குத் தெரிவதில்லை. எனவே தெளிவும் இல்லை.

கோழிகளின் சமவெளி

சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, சங்ககிரி மலைக்கோட்டையின் அருகே செல்கிறது. சரக்குந்துத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றியுள்ள சமவெளி, கோழி வளர்ப்பையும் தன் வாழ்வாதாரமாகக் கொண்டது. 1997ஆம் ஆண்டு தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த நாமக்கல், இந்தியாவின் முதன்மையான முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்று. 1982இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்திற்கென அறிவிக்கும் விலையை நாள்தோறும் பண்ணையாளர்கள் எதிர்நோக்குகின்றனர். 1985இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் நாமக்கல்லில் இயங்குகிறது. சிவந்த மிளகாயும் தேங்காய்த் துண்டுகளும் சேர்த்து வதக்கப்படும் பள்ளிபாளையம் சிக்கன், இச்சமவெளியின் காவிரிக்கரை ஊரொன்றின் பெயரைத் தாங்கித் தமிழகம் முழுவதும் பரிமாறப்படுகிறது.

இப்பகுதியில் கோழியைப் பற்றிய ஒரு வதந்தி, வெறும் பொழுதுபோக்குப் பேச்சாக முடிந்துவிடுவதில்லை. பண்ணையாளர், தீவனத்திற்கான மக்காச்சோளம் பயிரிடும் உழவர், சரக்குந்து ஓட்டுநர், சாலையோரக் கடைக்காரர் எனப் பலரின் அன்றாட வருவாயை அது தொடுகிறது.

கோழிகளில் இருவகை உண்டு என்பதை முதலில் அறிதல் வேண்டும். முட்டைக்காக வளர்க்கப்படும் கோழி, பிறந்து ஏறத்தாழ 20 வாரங்களுக்குப் பின் முட்டையிடத் தொடங்கி, ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடும். இறைச்சிக்காக வளர்க்கப்படும் கறிக்கோழி, ஏறத்தாழ 40 நாள்களில் இரண்டு கிலோ எடையை எட்டிவிடும். பிராய்லர் என்று மக்கள் அழைப்பது இரண்டாவது வகையையே. பெரும்பாலான வதந்திகள் இக்கறிக்கோழியைச் சுற்றியே எழுகின்றன.

நாற்பது நாளில் வளர்வது எப்படி?

நாட்டுக்கோழி விற்பனைக்குரிய எடையை அடையப் பல மாதங்கள் ஆகின்றன. அவ்வாறிருக்க, நாற்பது நாளில் ஒரு குஞ்சு இரண்டு கிலோ எடை பெறுகிறது என்றால், அதற்கு ஹார்மோன் ஊசி போடப்பட்டிருக்க வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வையம் இயல்பானதே. அதற்கு அறிவியல் தரும் விடை இதுதான்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஒப்பாய்வின் முடிவுகளை வெளியிட்டனர். 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் இயல்புகளைக் கொண்ட மூன்று வகைக் கோழிகளை ஒரே தீவனம், ஒரே சூழல் ஆகியவற்றில் அவர்கள் வளர்த்தனர். 56ஆம் நாளில் முதல்வகை 905 கிராம் எடையும், இரண்டாம் வகை 1,808 கிராம் எடையும், மூன்றாம் வகை 4,202 கிராம் எடையும் கொண்டிருந்தன. எதற்கும் ஹார்மோன் தரப்படவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் விரைந்து வளரும் கோழிகளையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் பயனே இவ்வேறுபாடு. உழவர் அடுத்த பருவத்திற்கான விதைநெல்லை நல்ல கதிரிலிருந்து எடுத்து வைப்பதும் இதே முறைதான். அத்துடன் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த சத்தான தீவனம், நோய்த்தடுப்பு, வெப்பநிலைப் பேணல் ஆகியவையும் வளர்ச்சிக்குத் துணைநிற்கின்றன.

வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால், மற்றப் புரதங்களைப் போலவே அதுவும் செரிமானத்தில் சிதைந்து பயனற்றுப் போகும். ஊசி மூலம் செலுத்துவதாயின், பல்லாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையில் ஒவ்வொரு கோழியையும் பிடித்து மீண்டும் மீண்டும் ஊசி போட வேண்டும். அதற்கான செலவு கோழியின் விலையையே மிஞ்சிவிடும்.

எனினும், பண்ணையிலும் குஞ்சுப் பொரிப்பகத்திலும் ஊசியைக் கண்டதாகச் சிலர் கூறுவது பொய்யன்று. அவர்கள் கண்டது தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய், ஒரு கொட்டகையையே சில நாள்களில் அழிக்கவல்லது. அந்நோய்க்கான தடுப்பு மருந்து கண்ணில் சொட்டாகவும் குடிநீரிலும் தரப்படுகிறது. வேறு சில நோய்களுக்கான தடுப்பு மருந்து ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. கண்ட காட்சி உண்மை. அதற்குக் கற்பித்த பொருள்தான் பிழை. வதந்திகள் பலவற்றின் பிறப்பிடம் இதுவே.

கறிக்கோழி உண்பதால்தான் சிறுமியர் இளவயதிலேயே பூப்பெய்துகின்றனர் என்னும் கருத்தும் இதனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால், ஐரோப்பிய நாடுகளில் பூப்பெய்தும் வயது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே படிப்படியாகக் குறைந்து வந்துள்ளது. அப்போது கறிக்கோழிப் பண்ணைகளே தோன்றவில்லை. ஊட்டமும் உடல்நலமும் மேம்பட்டதையே அதற்கான முதன்மைக் காரணமாக மருத்துவ அறிவியல் குறிப்பிடுகிறது.

புழுவும் எட்டுக்கால் கோழியும்

இத்தகைய வதந்திகள் தமிழகத்திற்கு மட்டும் உரியவை அல்ல. 1978இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பகுதியில், மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் இறைச்சியில் மண்புழு அரைத்துச் சேர்க்கப்படுவதாகப் பேச்சு எழுந்தது. விற்பனை சரிந்தது. மண்புழுவின் விலை மாட்டிறைச்சியின் விலையைவிடப் பலமடங்கு மிகுதி என்னும் எளிய கணக்கே அவ்வதந்திக்குத் தக்க மறுப்பாக அமைந்தது. கலப்படம் செய்பவர் மலிவான பொருளைத்தான் கலப்பார். விலையுயர்ந்ததைக் கலந்து இழப்பைத் தேடிக்கொள்ளமாட்டார்.

கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் என்னும் நிறுவனம் 1991இல் தன் பெயரைக் கே.எஃப்.சி. எனச் சுருக்கியது. அங்கு விற்கப்படுவது கோழியே அல்ல. ஆகவேதான் ‘சிக்கன்’ என்னும் சொல்லை நீக்கிவிட்டனர் என்றொரு கதை அதன்பின் உலகைச் சுற்றியது. சீனாவில் அக்கதை எட்டுக் கால்களும் ஆறு இறக்கைகளும் கொண்ட கோழிகளாக உருவெடுத்தது. அதைப் பரப்பிய மூன்று நிறுவனங்கள் மீது கே.எஃப்.சி. 2015இல் ஷாங்காய் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்பதுடன் 6 இலட்சம் யுவான் இழப்பீடும் வழங்க வேண்டும் என 2016இல் தீர்ப்பு வந்தது.

உண்மையில் ‘நக்கெட்’ போன்ற துண்டுகள் உருவாகும் முறையில் மறைபொருள் ஏதுமில்லை. எலும்பு நீக்கிய கோழி இறைச்சி அரைக்கப்பட்டு, உப்பும் மாவுச்சத்தும் சுவைப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. அது வார்ப்பில் வடிவம் பெற்று, கரைத்த மாவில் தோய்க்கப்பட்டு, சிறிது நேரம் பொரிக்கப்பட்டபின், உறைநிலைக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கப்படுகிறது. கடையில் மீண்டும் பொரிக்கப்படுகிறது. இத்துண்டில் உப்பும் கொழுப்பும் மிகுதி என்பதே ஊட்டவியலாளர் கூறும் குறை. அக்குறை வதந்தியைப் போல வியப்பூட்டுவதில்லை. ஆதலால் எவரும் அதைப் பகிர்வதுமில்லை.

எழும்பூரில் வந்திறங்கிய இறைச்சி

2018ஆம் ஆண்டு நவம்பர் 17 அன்று, இராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து தொடர்வண்டியில் சென்னை எழும்பூருக்கு வந்த ஏறத்தாழ 2,000 கிலோ இறைச்சியை அலுவலர்கள் கைப்பற்றினர். தோலுரித்த உடல்களில் வால் நீண்டு காணப்பட்டமையால், அது நாய் இறைச்சியாக இருக்கலாம் என்னும் ஐயம் எழுந்தது. ஆய்வு தொடங்கும் முன்பே ‘நாய்க்கறி’ என்னும் செய்தி தமிழகமெங்கும் பரவியது. பிரியாணிக் கடைகளில் கூட்டம் குறைந்தது.

இறைச்சியின் மாதிரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டது. சில நாள்களில் முடிவு வந்தது. அது ஆட்டிறைச்சி. தமிழக ஆடுகளுக்கு வால் குட்டையாக இருப்பதைக் கண்டு பழகியவர்களுக்கு, வேற்று மாநில ஆட்டினத்தின் நீண்ட வால் ஐயத்தைத் தந்துவிட்டது.

தோலும் தலையும் நீங்கிய இறைச்சி எந்த விலங்கினுடையது என்பதைக் கண்ணால் உறுதி செய்வது கடினம். ஆனால், ஒவ்வோர் உயிரணுவிலும் அவ்வுயிரினத்திற்கே உரிய மரபணுத் தொடர் உள்ளது. இறைச்சித் துணுக்கிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, பாலிமரேஸ் தொடர்வினை என்னும் முறையால் பல்லாயிரம் மடங்காகப் பெருக்கி, அறியப்பட்ட விலங்குகளின் தொடரோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். சமைத்த இறைச்சியிலும் இம்முறையைப் பயன்படுத்தலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்தகைய ஆய்வு நடைபெறுகிறது.

‘நாய்க்கறி’ என்னும் செய்தி சென்றடைந்த அனைவரையும் ‘ஆட்டிறைச்சியே’ என்னும் முடிவு சென்றடையவில்லை. அச்சமூட்டும் செய்தியைப் பகிர்ந்தவர்கள் மறுப்பைப் பகிர்வதில் அத்தகைய விரைவைக் காட்டவில்லை.

தெரிந்து தெளிவோம்

வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு விதித்தது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்னும் வரம்பு 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. செய்தியின் மேல் தோன்றும் இரட்டை அம்புக்குறி, அது பலர் கை மாறி வந்தது என்பதைக் காட்டும்.

பெருந்தொற்றும் கோழியும்

2020ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கோழி இறைச்சி உண்பதால் கொரோனா பரவுகிறது என்னும் வதந்தி இந்தியா முழுவதும் பரவியது. நோயுற்ற கோழிகளின் பழைய படங்கள் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. அந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறதே தவிரக் கோழியால் பரவியதற்குச் சான்றில்லை என்று நடுவண் அரசின் கால்நடைத்துறை விளக்கமளித்தது. தெலங்கானா அமைச்சர்கள் ஐதராபாத்தில் பொதுமேடையில் கோழி இறைச்சியை உண்டு காட்டினர். ஆயினும் மக்களின் அச்சம் எளிதில் அகலவில்லை. முட்டை, கோழி ஆகியவற்றின் விலை நாமக்கல் மண்டலத்திலும் கடுமையாக வீழ்ந்தது.

பிற தொழில்களில் விற்பனை நின்றால் உற்பத்தியை நிறுத்தி வைக்கலாம். கோழி வளர்ப்பில் அது இயலாது. வளர்ந்த கோழி நாள்தோறும் தீவனம் உண்ணும். விற்காத ஒவ்வொரு நாளும் செலவைக் கூட்டும். முட்டைக்கோழியும் விலை வீழ்ந்ததை அறிந்து முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. வதந்தியை எழுதியவர் இழந்தது ஏதுமில்லை. கடன் பெற்றுக் கொட்டகை அமைத்தவரே இழந்தார். மலிவான புரதத்தைத் தவிர்த்த எளிய குடும்பங்களுக்கும் அது இழப்பே.

நெருப்பில்லாமல் புகையுமா?

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது பழமொழி. இறைச்சி பற்றிய வதந்திகள் பொய்த்துப் போயின என்பதால், இறைச்சியில் இடரே இல்லை என்று முடிவு செய்தல் ஆகாது. நெருப்பு இருக்கும் இடம் வேறாக இருக்கலாம்.

2013 சனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு, மாட்டிறைச்சி என்று விற்கப்பட்ட பர்கர்களில் குதிரையின் மரபணு இருப்பதைக் கண்டறிந்து அறிவித்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் விற்பனையிலிருந்து பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. எழும்பூரில் ஐயத்தைப் பொய்யென்று காட்டிய மரபணு ஆய்வே அயர்லாந்தில் ஏமாற்றை மெய்யென்று காட்டியது. ஆய்வு எப்பக்கமும் சாராது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்று.

இந்தியாவிலும் உண்மையான சிக்கல்கள் உள்ளன. தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல், தில்லிப் பகுதியில் பெற்ற 70 கோழி இறைச்சி மாதிரிகளை ஆராய்ந்தது. அவற்றுள் 40 விழுக்காட்டில் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தின் எச்சம் இருந்தது. இம்மருந்துகளை அளவின்றிப் பயன்படுத்தினால், அவற்றுக்குக் கட்டுப்படாத நுண்ணுயிரிகள் பெருகும். பின்னர் மனிதருக்கு நோய் வரும்போது அதே மருந்து பயனளிக்காமல் போகும். இதனைக் கருதியே, மனித மருத்துவத்தில் இறுதிக்கட்ட மருந்தாகப் பயன்படும் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்கு அளிப்பதற்கு நடுவண் அரசு 2019 சூலையில் தடை விதித்தது. ஹார்மோன் ஊசி என்னும் பொய்ப்பேச்சில் மூழ்கியவர்கள், நுண்ணுயிர் எதிர்ப்பி என்னும் உண்மைச் சிக்கலைப் பற்றிக் கேள்வி எழுப்புவதில்லை.

அதனினும் அணுக்கமானது சமையலறையின் தூய்மை. 2023 செப்டம்பரில் நாமக்கல் நகரில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி ஒருவர் உடல்நலம் குன்றி உயிரிழந்தார். மேலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலும் அத்தகைய துயரம் நிகழ்ந்தது. அங்கு ஷிகெல்லா என்னும் நுண்ணுயிரி கண்டறியப்பட்டது. ஷவர்மாவில் செங்குத்தான கம்பியில் அடுக்கிய இறைச்சியின் வெளிப்புறம் வெந்தவுடன் சீவி எடுக்கப்படுகிறது. உட்புறம் வேகும் முன்பே சீவினாலும், அடுப்பை அணைத்து நெடுநேரம் வைத்திருந்தாலும் நுண்ணுயிரிகள் பெருகும். உடன் தரப்படும் மயோனைஸ் பச்சை முட்டையால் செய்யப்பட்டதாயின் இடர் மேலும் கூடும். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில், பச்சை முட்டையால் செய்யப்படும் மயோனைசுக்கு ஓராண்டுத் தடை விதித்தது.

எட்டுக்கால் கோழியால் எவரும் இறக்கவில்லை. வேகாத கோழியால் உயிர்கள் போயிருக்கின்றன. வதந்தியின் பெருந்தீங்கு, அது பொய்யைப் பரப்புவதோடு முடிவதில்லை. அச்சப்பட வேண்டிய இடத்திலிருந்து கண்ணைத் திருப்பிவிடுகிறது.

வினவும் முறை

ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் சில வினாக்களை எழுப்புதல் பயன் தரும். இதைக் கூறுபவர் யார்? நாள், இடம், ஆய்வகம் ஆகியவற்றின் பெயர் உள்ளதா? அவ்வாறு செய்வதால் விற்பவருக்கு வருவாய் கிடைக்குமா, இழப்பு நேருமா? கண்டதைக் கூறுகிறாரா, கண்டதற்குத் தாம் கற்பித்த பொருளைக் கூறுகிறாரா? இவ்வினாக்களுக்கு விடையில்லாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருத்தலே முறை.

உண்மையான ஐயம் எழுமாயின், அதற்குரிய வழி உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பில் உள்ளார். அவர் கடையில் மாதிரி எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பும் அதிகாரம் பெற்றவர். பொதுமக்களும் அவரிடம் முறையிடலாம். உணவகங்கள் தம் உரிம எண்ணை அனைவரும் காணுமாறு வைத்தல் வேண்டும்.

உணவின் முதன்மையை எவராலும் குறைக்க இயலாது. குறைக்கக் கூடியது தெளிவின்மை மட்டுமே. பண்ணையாளர் தாம் அளிக்கும் மருந்தை வெளிப்படையாகப் பதிவு செய்வதும், கடைக்காரர் தம் சமையலறையைத் திறந்து காட்டுவதும், அலுவலர் ஆய்வின் முடிவை உடனுக்குடன் அறிவிப்பதும் அத்தெளிவைத் தரும். உண்பவருக்கும் இதில் பங்குண்டு. இறைச்சி எப்போது வெட்டப்பட்டது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, முழுமையாக வெந்ததா என்று கடையில் நின்று கேட்பது அவருடைய உரிமை. அவ்வாறு கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும், சங்ககிரிச் சாலையோரத்துச் சிறு கடையிலும் பெருநகர விரைவுணவகத்திலும் சமையலறையை ஒருபடி தூய்மையாக்கும்.